அண்ணன் அனுப்பிய ஆள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரத்து ஊர்களில் பொங்கல், புரவியெடுப்பு, பூக்குழி என்று விழாக்கள் வரிசைகட்டும். பல ஊர்களில் நாடகம் இல்லாமல் விழா நிறைவுபெறாது. இரவு பத்து மணியைச் சுற்றித் தொடங்கும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை நடக்கும். முருகன் வேஷக்காரர் புதுக்கோட்டையிலிருந்து வந்திருப்பார், வள்ளி மதுரையிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. ஆர்மோனியக்காரர் முந்தின இரவு இன்னொரு மேடையில் வாசித்துவிட்டு, பேருந்தில் தூங்கியபடியே வந்து இறங்கியிருப்பார். இவர்களுக்கு ஒத்திகையோ இயக்குநரோ நிரந்தர முதலாளியோ கிடையாது. ஒரு நாள் இரவுக்கு ஒரு சம்பளம், அதைத் தனித்தனியாகப் பேசி முடித்துக்கொண்டவர்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது இதுதான்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வைத் தொடங்கிய காலத்தில் நாடகம் என்றால் பெரும்பாலும் கம்பெனிதான். சோறு போட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் கம்பெனி. அந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. 1922இல் மறைந்த சுவாமிகள் எழுதிய நாடகங்களோ கலையவில்லை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், எந்த ஊர் நடிகரும் எந்த ஊர் நடிகையோடும் சேர்ந்து ஓர் இரவு நாடகத்தை நடத்திவிட முடிகிறது. கம்பெனி இல்லாமலேயே ஒரு தொழில் நூறாண்டு ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே அடிப்படை.

கம்பெனி இல்லாத இடத்தில் வேலை எப்படி வருகிறது? விழாக் கமிட்டி நாடக நடிகர் சங்கத்துக்குப் போகிறது, அல்லது நாடக ஏஜெண்டைப் பிடிக்கிறது. முக்கியமான ஒருவரை முடிவு செய்தபின், மீதிப் பேரை அவரே சொல்லிவிடுவதும் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. தேதி இடித்துக்கொண்டதால் வர முடியாதவர், தனக்குப் பதிலாக ஒருவரைக் கைகாட்டி அனுப்புவது. சித்திரையில் ஒரே வெள்ளிக்கிழமைக்கு மூன்று ஊர் கேட்கும், வேறு சில மாதங்களில் வாரக்கணக்கில் போனே அடிக்காது. இப்படி ஏறி இறங்கும் தொழிலில், கைகாட்டிவிடுவது பல குடும்பங்களின் அடுப்பெரிக்கும் ஏற்பாடு. அதைச் சுற்றி எழுதப்படாத ஒரு மரியாதைச் சட்டமே உருவாகியிருப்பதில் வியப்பில்லை.

எழுதப்படாவிட்டாலும் அதன் விதிகள் கறாரானவை. கைகாட்டிவிட்டவர் பேசிவைத்த சம்பளத்துக்குக் கீழே போய்ப் பேசக் கூடாது. மேடையேறியதும் யார் சொல்லி வந்தேன் என்பதை ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வருஷம் அந்த ஊர் நேரடியாக அழைத்தால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் அண்ணன் பிடித்த ஊர். தனக்கு இரண்டு நாடகம் வரும்போது ஒன்றை அண்ணனுக்கோ அண்ணன் சொல்லும் ஆளுக்கோ தள்ளிவிடுவது கடைசி விதி. மீறினால் அபராதச் சீட்டு வராது. அடுத்த சீசனில் போன் வராது, அவ்வளவுதான்.

நன்றி சொல்வதற்கு நாடகத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. தொடக்கத்தில் பபூன் தனியாக வந்து பாடி, சிரிக்கவைத்து, கூட்டத்தைக் கைக்குள் கொண்டுவருவார். அந்த நேரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் இசைக்காரர்களை ஒவ்வொருவராக மைக்கில் அறிமுகம் செய்வார். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் என்று வரிசையாக, பேரும் ஊரும் பட்டமும் சேர்த்து. மிருதங்கக்காரர் ஓர் அடி அடித்து வணக்கம் சொல்வார், ஆர்மோனியத்தில் ஓர் இழுப்பு வரும். கூட்டத்துக்கு இது வெறும் சம்பிரதாயம். தொழிலில் இருப்பவர்களுக்கு அது விளம்பரமும் விசுவாசமும் கலந்த பேச்சு. "இந்த மேடைக்கு என்னைச் சொல்லிவிட்ட" என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அங்கே விழுந்ததா இல்லையா என்பது மறுநாள் காலைக்குள் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் பலத்தை மரியாதை, பண்பு என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அதன் உண்மையான வேலை தரச்சான்று. வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும். கேள்வியும் பதிலும் பாட்டும் அங்கேயே பிறப்பவை. எதிராளி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஈடுகொடுக்க மனப்பாடம் மட்டும் போதாது, படிப்பும் சமயோசிதமும் வேண்டும். ஒருவர் தடுமாறினால் மற்றவரும் சேர்ந்து விழுவார். மூன்று மணிக்கு முன்வரிசைப் பெரிசுகள் "என்னப்பா இது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். யாருக்குத் தர்க்கம் நிற்கும், யாருடைய குரல் விடியும்வரை தாங்கும், யார் மேடையில் சக நடிகரை மட்டம்தட்டாமல் விட்டுக்கொடுத்து ஆடுவார் என்பதெல்லாம் விழாக் கமிட்டிக்குத் தெரியாது. கூட நடித்தவருக்கு மட்டுமே தெரியும். ஒத்திகை செய்ய வேண்டிய வேலையை இங்கே ஒருவருடைய வாக்கு செய்கிறது. தவறான ஆளை அனுப்பினால் அனுப்பியவருக்கே அந்த ஊர் போய்விடும் என்பதால், அந்த வாக்குக்குப் பின்னால் சொந்தப் பணயமும் இருக்கிறது. எந்தச் சான்றிதழும் இவ்வளவு கச்சிதமாக வேலை செய்யாது.

இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் குறைகளைப் பேச முடியும். குறைகள் சின்னவையும் அல்ல.

முதல் குறை பார்வையாளர் பக்கத்தது. நாடக நோட்டீஸ் என்பது ஊர்ச் சுவரில் ஒட்டுவதற்கான காகிதம் மட்டுமல்ல, ஒருவகை வாக்குறுதி. ஒவ்வொரு நடிகரின் படமும் ஊரும் வேஷமும் அதில் இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பாய் தலையணையோடு வருகிறார்கள். நோட்டீஸில் ஒருவர், மேடையில் இன்னொருவர் என்றால் ஏமாந்தது ஊர். கலைஞர்களுக்குள் நடந்தது மரியாதையான கைமாற்றமாக இருக்கலாம், விழா வரி கொடுத்த வீட்டுக்காரருக்கு அது அப்படித் தெரியாது.

மதுரைக்கு மட்டும் உரிய தகராறு இல்லை இது. லண்டனில் 1904இல் இதே பிரச்சினையில் ஓர் இசைக்குழுவே உடைந்தது. குவீன்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவின் வாசிப்பாளர்கள் வேறிடத்தில் நல்ல கூலி கிடைத்தால் ஒத்திகைக்கோ கச்சேரிக்கோ மாற்று ஆளை அனுப்பிவிட்டுப் போவது அப்போது பழக்கத்திலிருந்தது. ஒத்திகையில் பழகிய கை ஒன்று, கச்சேரியில் வாசிக்கும் கை வேறொன்று என்றால் நடத்துநர் என்னதான் செய்வார்? அதன் நடத்துநர் ஹென்றி வுட் இனி மாற்று ஆள் கூடாது என்றார். 40க்கும் மேற்பட்ட வாசிப்பாளர்கள் விலகி, தாங்களே நிர்வகிக்கும் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 9இல் முதல் கச்சேரியும் நடந்தது. நடத்துநர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே இடத்துச் சம்பளத்தில் காலம் தள்ள முடியாதவர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ஹென்றி வுட் போன்ற ஒருவர் இல்லை. அதனால் சண்டை வெளியே வெடிப்பதில்லை, உள்ளுக்குள்ளேயே புகைகிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அது கணக்குத் தீராத கடன். ஏஜெண்ட் சம்பளத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். அதைக் கமிஷன் என்று முகஞ்சுளித்துப் பேசுவது தொழிலில் வழக்கம். கைகாட்டிவிடும் அண்ணன் காசு வாங்குவதில்லை, ஆகவே அவர் செய்வது உதவி என்று பேர். ஆனால் கமிஷன் அன்றிரவோடு முடிகிறது. உதவியோ வருஷக்கணக்கில் நீள்கிறது. ஒரு முறை சொல்லிவிட்டதற்காக, வளர்ந்து பெயரெடுத்த பிறகும் ஓர் இளைய நடிகர் அந்த ஊர்ப்பக்கம் தன்னிச்சையாகத் தேதி கொடுக்கத் தயங்குகிறார். குறைந்த சம்பளத்துக்கு "நம்ம அண்ணன் வீட்டு நாடகம்" என்று போய்வருகிறார். பேசிய பணம் முழுசாகக் கைக்கு வராவிட்டால் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் நன்றிகெட்டவன் என்ற பேர். காசு வாங்காத உதவிதான் இங்கே அதிக விலைக்கு விற்கிறது.

ஆகவே கமிஷனை இழிவாகவும் கைகாட்டலை உயர்வாகவும் வைக்கும் வழக்கமான தரவரிசை தலைகீழானது என்றே சொல்ல வேண்டும். இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி, வாங்கி, அன்றே முடித்துக்கொள்ளும் கமிஷனில் ஒரு நேர்மை இருக்கிறது. வாங்குபவரைக் கேள்வி கேட்கலாம், அதிகம் என்று பேரம் பேசலாம், சங்கத்தில் பஞ்சாயத்து வைக்கலாம். நன்றியை எந்தப் பஞ்சாயத்தில் வைப்பது?

ஜோடி சேர்த்துப் போவதிலும் இந்த இரண்டு முகமும் தெரியும். நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒருவர், "இன்னார் ஸ்திரீபார்ட் என்றால் எனக்குச் சரி" என்று கமிட்டியிடம் சொல்வது பழைய பழக்கம். நல்ல ஜோடிகள் அப்படித்தான் உருவாயின. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் இருவரும் சேர்ந்து நின்ற மேடைக்கென்றே கூட்டம் வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த 'பவளக்கொடி' 1934இல் படமானபோது இருவருமே திரைக்குப் போனார்கள். ஒருவர் இன்னொருவரின் திறமையை இழுத்து வெளியே கொண்டுவரும் சேர்மானம் அது. அதே பழக்கம் சாதாரண நாளில், சுமாரான கைகளில், ஆறேழு பேர் தங்களுக்குள் தேதிகளைச் சுற்றவிடும் வேலியாக மாறுகிறது. புதிதாக வரும் பையனுக்கு நுழைய வழி இருக்காது. அவனுக்காகச் சொல்ல ஆள் வேண்டும், சொல்ல ஆள் கிடைக்க அவன் ஏற்கனவே நடித்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த வேலி இன்னும் உயரம். கைகாட்டல் நடக்கும் இடங்கள் எவை? சங்க வாசல், டீக்கடை பெஞ்சு, பேருந்து நிலையம், நாடகம் முடிந்த காலை. ஆண் நடிகர் அங்கே நின்று பேசினால் தொழில் பேசுகிறார் என்று பொருள், நடிகை நின்றால் ஊர் வேறு பொருள் கொள்கிறது. மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005இல் வெளியான தம் நூலில், நடிகைகள் பொது இடத்தில் கண்ணில் படாமல் நாடகத்துக்குப் போய்வர எடுத்துக்கொள்ளும் பாடுகளை விரிவாக எழுதியிருக்கிறார். போகும் வழியிலேயே மறைந்து போக வேண்டியவர், வேலை பேசும் இடத்தில் எப்படி நிற்பார்? யாரோ ஓர் ஆணின் வாக்கை நம்பித்தான் அவருடைய தேதிகள் நிரம்புகின்றன. அந்த வாக்குக்குக் கைம்மாறாக என்ன எதிர்பார்க்கப்படும் என்பது சொல்பவரின் குணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. பண்பாளர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஒரு தொழிலின் பாதுகாப்பு அவர்களை மட்டுமே நம்பி நிற்பது சரியல்ல.

அரசு பக்கத்திலிருந்து இதற்குப் பெரிய பதில் இல்லை. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உறுப்பினர்களுக்கு உதவித்தொகைகள் தருகிறது, தேதி பிடித்துத் தராது. கொரோனாவில் 2020, 2021 இரண்டு சீசனும் அடுத்தடுத்து அடிபட்டபோது, ஒரு நாடகத்தைத் தள்ளிவிடலாம் என்றால்கூடத் தள்ளிவிட நாடகமே இல்லை. வேலை இருக்கும்வரைதான் கைமாற்று ஓடும். வறட்சியில் அதைக் காப்பீடாக நினைத்திருந்தவர்கள் தனியே நின்றார்கள்.

அப்படியானால் இந்த மரியாதைச் சட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மேடையில் பேரைச் சொல்வது, பேசிய சம்பளத்தைக் கெடுக்காமலிருப்பது, தனக்கு ஈடான ஆளையே அனுப்புவது ஆகியவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, தொழிலின் தரமும் நிற்கிறது. 'அண்ணன் பிடித்த ஊர்' என்ற நிரந்தர உரிமைதான் உதிர வேண்டிய பகுதி. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் அந்த ஊரை அவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பின்னும் ஊர் இளையவரையே விரும்பினால் அது அவர் சம்பாதித்த ஊர். முன்பணம் வாங்கும்போது எழுதும் சீட்டில், மாற்று ஆள் வர நேர்ந்தால் கமிட்டிக்கு எப்போது சொல்ல வேண்டும், சம்பளம் யார் கையில் போகும், சொல்லிவிட்டவருக்குப் பங்கு உண்டா என்ற மூன்று வரிகளைச் சங்கங்கள் சேர்த்துவிட்டாலே பாதிப் புகைச்சல் அடங்கும். சங்கத் தலைவர்களில் பலர் தாங்களே கைகாட்டும் அண்ணன்கள் என்பதால் இது நாளைக்கே நடந்துவிடாது.

இதற்கிடையில் செல்போன் தன் போக்கில் ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறது. முழு இரவு நாடகங்கள் யூடியூபில் கிடக்கின்றன. கமிட்டி இளைஞர்கள் அவற்றை ஓட்டிப் பார்த்து, பிடித்த நடிகருக்கு நேராகவே போன் போடுகிறார்கள். "எனக்கு அன்னைக்குத் தேதி இல்ல தம்பி, நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நல்லாப் பண்ணுவான்" என்று மூத்தவர் சொன்னால், "சரிண்ணே, அவர் வீடியோ ஒண்ணு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்பது பதில். அனுப்பப்படும் வீடியோவில் பெரும்பாலும் பபூனும் டான்ஸும் சேர்ந்து கலகலக்கும் முதல் ஒரு மணி நேரமோ, நன்றாக அமைந்த ஒரு பாட்டோ இருக்கும். மூன்று மணித் தர்க்கத்தை அந்தப் பையன் தாங்குவானா என்று கமிட்டிக்கு இப்போதும் தெரியாது. அதற்கு அவனோடு நின்றவரைத்தான் கேட்க வேண்டும்.