ஒரே அச்சில் முப்பது கிளிகள்

தொடக்கப்பள்ளியில் கண்காட்சி என்றால் சுவரில் கிளிகள் இருக்கும். ஆசிரியர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த படம். அதன் கோட்டுக்குள் பச்சைக் கலர் பேப்பரைப் பொடிப்பொடியாகக் கிழித்து, உருட்டி, ஒட்டியிருப்பார்கள். மூக்கு மட்டும் சிவப்பு. முப்பது பிள்ளைகளுக்கு முப்பது கிளிகள். மூலையில் எழுதிய பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்றவளுக்கும் தெரியாது.

கேலி செய்வது சுலபம். ஆனால் இந்தக் கிளியில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. காகிதத்தைக் கிழிக்க இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்ய வேண்டும். துண்டை உருட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகின்றன. கோந்து கூடினால் தாள் நைந்துபோகும், குறைந்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை வகுப்பில் முதல் ஆளாக முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதும் இங்கேதான். ஆக, இதைக் கைப்பயிற்சி என்று சொன்னால் எனக்கு எந்த வழக்கும் இல்லை. கலை என்று பெயர் சூட்டும்போதுதான் இடிக்கிறது. கிளி எப்படி இருக்க வேண்டும், என்ன நிறம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லாம் முன்பே முடிவாகிவிட்டன. பிள்ளை தானாகத் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ப்ராஜெக்டில் கைப்பயிற்சிகூட மிஞ்சுவதில்லை. தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. தேர்வுக்கு 60, ப்ராஜெக்ட் போன்ற செயல்பாடுகளையும் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40. மனப்பாடத்தின் பிடியைத் தளர்த்தும் நல்ல எண்ணம்தான். ஆனால் மதிப்பெண் போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும், ஆதாரம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். தனியார் பள்ளிகளில் இது ஒரு சந்தையாகவே வளர்ந்துவிட்டது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனரி கடை வாசலில் நின்று பாருங்கள்: தெர்மாகோல், கிளிட்டர் ஷீட், ஐஸ்கிரீம் குச்சி, உருளும் பிளாஸ்டிக் பொம்மைக் கண். வாங்குவது அப்பா, வெட்டி ஒட்டுவது அம்மா. பிள்ளை தூங்கிவிடும். காலையில் அது பத்திரமாக ஏந்திக்கொண்டு போகும் தெர்மாகோல் வீட்டுக்கு ‘வெரி குட்’ கிடைக்கும். அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை தானே செய்த கோணல் வீடு, அதன் பக்கத்தில் வைத்தால், எடுபடாது. எது பாராட்டுப் பெறும் என்பதைப் பிள்ளைகள் ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அச்சு வேண்டாம், வெள்ளைத் தாளைக் கொடுத்து இஷ்டப்படி வரையவிடுங்கள் என்று ஒரு கட்சி உண்டு. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் சொந்தப் பார்வையைக் கெடுக்கின்றன என்று கடுமையாக வாதிட்டார். எனக்கும் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் நம் மூன்றாம் வகுப்பில் வெள்ளைத் தாளைக் கொடுத்து ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை. சீனரி! மலையே இல்லாத தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இதையேதான் வரையும். அண்ணனைப் பார்த்து வரைந்தது, அண்ணன் அவன் வகுப்பில் யாரையோ பார்த்து வரைந்தது. ஜெராக்ஸ் இல்லாமலே நடக்கும் ஜெராக்ஸ் இது.

இதற்கு நடுவே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், சில பிள்ளைகள் வீட்டை வரைந்து சுவர் வழியே உள்ளே இருப்பதையும் காட்டிவிடுவார்கள். அடுப்பு, அதன்மேல் பானை, பாயில் படுத்திருக்கும் பாட்டி, எல்லாம் வெளியிலிருந்தே தெரியும். அந்த வயதுக்கு இயல்பான வரையும் முறை அது. ‘சுவருக்குள்ள இருக்கறது எப்படிடா தெரியும்?’ என்று ஆசிரியர் திருத்தினால், அடுத்த முறை சீனரிதான் வரும்.

எனக்குப் பிடித்த திட்டம் பழையதுதான், வெண்டைக்காய் அச்சு. சாம்பாருக்கு நறுக்கும்போது ஒதுக்கும் காம்புத் துண்டுகளைச் சத்துணவுக் கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேராக வெட்டிச் சாயத்தில் தொட்டு ஒற்றினால் ஐந்திதழ்ப் பூ. சரிவாக வெட்டினால் அது நீண்டு இலையாகிறது. சாயம் கூடினால் அப்பிக்கொள்ளும், இரண்டாம் ஒற்றில்தான் விதைக்குழி தெளிவாக விழும். செய்முறை எல்லோருக்கும் ஒன்று, படம் ஒன்றுபோல் ஒன்று இராது. ஒருவன் பூக்களை வரிசையாக அடுக்கிப் புடவைக் கரை ஆக்குவான், ஒருத்தி ஒன்றின்மேல் ஒன்று குத்திக் கூட்டமாக்குவாள். பொருளையும் செய்முறையையும் இறுக்கிப் பிடித்து முடிவைத் திறந்துவிட்டால் போதும். (அதற்காக அரிசியையும் பருப்பையும் தாளில் ஒட்டச் சொல்லும் திட்டங்களுக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன். மத்தியானச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.)

இவ்வளவு மலிவான, நல்ல திட்டம் இருக்க, கிளி ஜெராக்ஸ் ஏன் ஒழியவில்லை? ஆசிரியர்களுக்கு ரசனை இல்லை என்பவர்கள் பள்ளியின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி எதுவும் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். வெண்டைக்காய் அச்சு என்றால் சாயம் கரைக்க வேண்டும், சட்டையில் படாமல் பார்க்க வேண்டும், ஒரே குழாயில் எல்லோரும் கை கழுவ வேண்டும், ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து ‘இது என்னம்மா?’ என்று கேட்க வேண்டும். கிளி அப்படியில்லை. கொடுத்துவிட்டால் இரண்டாம் வகுப்பு முக்கால் மணிநேரம் சத்தமில்லாமல் இருக்கும். அதற்குள் அதே அறையின் மறுபக்கத்தில் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு நடத்தி முடித்துவிடலாம்.