கழற்றி மாட்டும் பாவாடை

கெடாவின் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் கடைப் பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. 1959இல் வந்த பார்பியின் வழியில் உடுப்பு மாற்றும் பொம்மைகளும் மலிவாகவே கிடைக்கின்றன. பிறகு ஊசியும் நூலுமாக ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கடைப் பொம்மைகளுக்குப் பட்டுப் பாவாடையும் மலாய் பாஜு கூரோங்கும் மல்லிகைச் சரமும் யார் தருவார்? குரோஷா ஊசியில் 6 கண்ணியோடு தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி, 12, 18, 24 என்று பொம்மையின் தலையை உருட்டுகிறவள், அதே கணக்கில் ரவிக்கைக்கும் அளவெடுக்கிறாள். தோட்டத்துப் பாட்டியின் கைலியைக்கூட ஒரு சாண் பொம்மைக்குக் கட்டிவிடலாம். கெடா வெயிலுக்குக் கம்பளி நூல் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பருத்தி நூல் போதும், கண்ணிகளும் தெளிவாகத் தெரியும். நேரம் பிடிக்கும், உண்மை. ஆனாலும் உடையைத் தனியாகவே பின்னுங்கள். உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால் குழந்தைக்குக் கழற்றி மாட்ட ஒன்றும் இருக்காது.