வளனின் மௌனம்: தேம்பாவணியில் ஐயமும் சொற்கேட்டலும்

மத்தேயு நற்செய்தியில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. லூக்காவிலும் அவருக்கெனக் கூற்று எதுவும் இல்லை. கனவு காண்கிறார், எழுகிறார், தாயையும் சேயையும் அழைத்துச் செல்கிறார். பேச்சற்ற இம்மனிதரைக் காப்பியத் தலைவராக்கத் துணிந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் உள்ள பெருக்கம் என்னும் பொருளைத் தழுவித் தம் தலைவனுக்கு வளன் எனப் பெயரிட்டார் முனிவர். கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் அவருடைய இயற்பெயரிலும் இப்புனிதர் இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது.

தேம்பாவணியை ஆராய்ந்தோர் கம்பனின் செல்வாக்கை விரிவாகவே எடுத்துக்காட்டியுள்ளனர். நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் அமைப்பே அதற்குச் சான்று. ஆயினும் கம்பனின் இராமன் பேசத் தெரிந்தவன். தந்தை சொல் காத்தலை அவனே எடுத்துரைக்கிறான். வளனுக்கு மூலநூல் தந்தது மௌனம் மட்டுமே. காப்பிய மரபோ பேசாத தலைவனை ஏற்பதில்லை. இந்நெருக்கடியை முனிவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மத்தேயு இரண்டே வசனங்களில் (1:18-19) கடந்துசெல்லும் செய்தியை முனிவர் ஐயந்தோற்று படலம் என ஒரு முழுப் படலமாக விரித்தார். அதனைத் தொடர்ந்து ஐயம் நீங்கு படலம் வருகிறது. மரியின் கருவும் உண்மை, அவளுடைய தூய்மையும் உண்மை. இரண்டில் எதனையும் மறுக்க இயலாமல் வளன் தவிக்கிறான். என் கணிப்பில் தேம்பாவணியின் உயிர்ப்பகுதி இதுவே. சூசையின் கீழ்ப்படிதலைப் புகழ்வோர் பலர் இத்தவிப்பைத் தாண்டிக் கனவுக்கு விரைந்துவிடுகின்றனர். ஐயத்தை விட்டுவிட்டால் நம்பிக்கை என்பது வெறும் இசைவாகிவிடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மணம் நிச்சயிக்கப்பட்ட பெண் பிறரோடு கூடினால் கொல்லப்படல் வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (இணைச்சட்டம் 22:23-24). சூசையோ அவளை வெளிப்படுத்த விரும்பாமல் மறைவாக விலக்கிவிடவே எண்ணினார். வானவர் வருமுன்னரே அவர் சட்டத்தின் கடுமையிலிருந்து விலகி நின்றார். அவரைப் பழைய மொழிபெயர்ப்பு நீதிமான் என்கிறது; 1995இல் வெளிவந்த திருவிவிலியம் நேர்மையாளர் என்கிறது. நீதி என்ற சொல்லில் சட்டத்தின் சாயல் மிகுதி. அச்சாயலை மீறியவர்க்கு நேர்மையாளர் என்பதே பொருந்தும் எனலாம்.

தமிழில் இதற்கு ஒப்பாகவும் முரணாகவும் நிற்பவள் கண்ணகி. அவளும் கனவு கண்டவள். இருள் நீங்குமுன் வீட்டை விட்டு எழுந்தவள். மதுரையில் நேரவிருந்த தீங்கைக் கனவு காட்டியிருந்தும், அதனைத் தேவந்தியிடம் கூறியவள் கோவலனிடம் கூறியதாக இளங்கோவடிகள் காட்டவில்லை. கணவன் அழைத்ததும் உடன் சென்றாள். கொலைக்களக் காதையில் அதனை நினைந்து கோவலனே வியந்து வருந்துகிறான். கண்ணகி கணவன் சொல்லுக்காகக் கனவை ஒதுக்கினாள். சூசை கனவுக்காகத் தம் முடிவை ஒதுக்கினார். ஒருவரின் பணிவு கொலைக்களத்தில் முடிந்தது. மற்றவரின் பணிவு ஏரோதின் வாளிலிருந்து ஒரு குழந்தையைக் காத்தது. பணிவு தன்னளவில் அறமாவதில்லை என்பதற்கு இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தலே போதும்.

நம் நாட்டில் இவ்வேறுபாடு வெறும் இலக்கியச் சிக்கலன்று. சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் ஏறி இறங்கினால் வரும் கோலா கிளாவாங் போன்ற பகுதிகளின் தோட்டத் தமிழர்க்குக் கீழ்ப்படிதல் என்பது வேதபாடச் சொல்லாக முதலில் அறிமுகமாகவில்லை. பெரட்டுக்களத்தில், கங்காணியின் குரலில், துரையின் உத்தரவில் அது வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. தொழிலாளர் அனுப்புதலை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை கங்காணி முறை நீடித்தது. அந்த நினைவை வீட்டில் கேட்டு வளர்ந்த மாணவரிடம் விளக்கமின்றி அமைதியான கீழ்ப்படிதலைப் போற்றினால் அவர் செவியில் விழுவது வேறொன்றாகவே இருக்கும். மரியா தம்மை ஆண்டவரின் அடிமை என்று கூறும் இடமும் (லூக்கா 1:38) அத்தகையதே. அதற்கு முன் அவர் 'இது எவ்வாறு நிகழும்' என்னும் பொருள்பட வினவியதையும், பின்னர் வலியோர் அரியணையிலிருந்து வீழ்த்தப்படுவதைப் பாடியதையும் சேர்த்துக் கற்பித்தாலன்றி அச்சொல் தோட்டத்து அடிமையாகவே நின்றுவிடும்.

கீழ்ப்படிதல் என்ற சொல்லிலேயே மேல் கீழ் என்னும் நிலை உள்ளது. அதனினும் சொற்கேட்டல் பொருத்தமானது. தமிழில் கேள் என்பது செவிமடுத்தல், வினவுதல், சொன்னபடி நடத்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும். கீழ்ப்படிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் கேட்டல் என்னும் அடியிலிருந்து பிறந்தவையே. எனினும் வினவுதல் என்னும் பொருள் அவற்றில் இல்லை. வளனின் ஐயத்தையும் பணிவையும் ஒரே சொல்லில் அடக்கும் வாய்ப்பு தமிழுக்கே உண்டு.

முனிவரிடம் ஒரு குறையும் காண்கிறேன். இறுதிப் படலம் முடிசூட்டுப் படலம். விண்ணகத்தில் வளனுக்கு முடி சூட்டப்படுகிறது. காப்பிய இலக்கணத்துக்கு இது நிறைவு தரலாம். ஆனால் பணிவுக்குக் கூலியாகப் பதவி வந்துசேர்கிறது. மத்தேயுவோ எகிப்திலிருந்து திரும்பிய சூசையை நாசரேத்தில் குடியமர்த்திவிட்டுப் பின்னர் அவர் இறப்பைக்கூடக் கூறாமல் விடுகிறார். தேம்பாவணியிலிருந்து பாடப்பகுதி தெரிவுசெய்யும் ஆசிரியர் மகவருள் படலத்தையோ முடிசூட்டுப் படலத்தையோ மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஐயந்தோற்று படலத்திலிருந்து சில பாடல்களையாவது முதலில் வைத்தல் வேண்டும்.