குண்டின் அடியும் குழலின் சுவரும்

பினாங்கில் தைப்பூச இரதம் ஊர்ந்து போகும் டத்தோ கிராமாட் சாலையின் தலைப்பில் ஜாலான் மெகசின் வந்து சேர்கிறது. அங்கே முன்பு வெடிமருந்துக் கிடங்கு இருந்ததால் வந்த பெயர் அது. சற்றுத் தள்ளி ஜாலான் சிப்பாய் லைன்ஸ். நீரிணைக் குடியேற்றங்களைக் காவல் காத்த படைகளில் மதராஸ் காலாட்படையும் ஒன்று. அன்றைய சிப்பாயின் தோளில் கிடந்தது குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. படைகள் அதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆயிற்று; வேட்டைக்காரர் சிலர் இன்னும் விடவில்லை. அதற்கு எந்தக் குண்டு ஏற்றது என்பதில் மூன்று மரபுகள் உண்டு.

முதலாவது உருண்டைக் குண்டு. 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் விட்டம் 0.75 அங்குலம், குண்டோ ஏறத்தாழ 0.69. கரி படிந்த குழலிலும் விரைவாக இறங்க வேண்டுமென்று விட்ட இடைவெளி அது. அதன் வழியே புகை கசியும், குண்டு சுவரில் மோதித் திசை மாறும். வேட்டைக்காரர் அந்த இடைவெளியை எண்ணெய்த் துணியால் அடைத்தனர். இன்றைய 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 உருண்டை, எடை சுமார் 177 கிரெயின். 100 கெஜம் கடப்பதற்குள் ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விடும். கிட்டத்தில் நிற்கும் மானுக்கு அது போதும்.

இரண்டாவது நீள்குண்டு. நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி தென்னிந்திய ஊதுகுழல் அம்பைப் பார்த்தாராம். அம்பின் அடியிலிருந்த நெட்டி ஊதும் காற்றில் விரிந்து குழலை அடைத்ததைக் கண்டு, அடி குடைந்த குண்டைச் செய்தார் என்பது துப்பாக்கி வரலாற்றில் வழங்கும் செய்தி. மலாயாக் காட்டு ஓராங் அஸ்லியின் சும்பித் என்னும் ஊதுகுழலின் அம்புக்கும் அடியில் நெட்டிதான். 1849-இல் பிரெஞ்சுக்காரர் மினியே அந்த வழியை நிலைநாட்டினார். 1853 என்ஃபீல்டு 0.577 அங்குல ரைபிள் அதைப் பின்பற்றியது. கனமான குண்டு தொலைவிலும் வலுக் குன்றாது. ஆனால் வளைந்து போவதால் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் குறி தவறும்.

மூன்றாவது பிளாஸ்டிக் கிண்ணத்தில் அமர்ந்த குண்டு. 1985-இல் அமெரிக்காவில் நைட் எம்கே-85 வந்தபின் பரவியது. 0.50 குழலில் 0.45 குண்டு வேகமாக, நேராகப் போகும்.

இவற்றை ஒப்பிட அளவுகோல் என்ன? பெட்டியில் அச்சிட்ட ஆற்றல் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. முதலில் குழலின் உட்சுவரில் சுற்றிச் செல்லும் மறைப் பள்ளத்தைப் பார்க்கவேண்டும். 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் உருண்டை. 28-க்கு ஒன்று என்றால் நீள்குண்டும் கிண்ணக் குண்டும். அடுத்தது ஈயம். மென்மையான தூய ஈயம் உடலில் விரியும். வெள்ளீயம் கலந்து கடினமாக்கியது ஆழம் போகும். யானைத் தோலுக்குக் கடினம் வேண்டும், மானுக்கு மென்மை. கடைசியாக, ஒரே குறியில் மூன்று முறை சுட்டுப் பார்க்கவேண்டும். மூன்றும் சிதறினால், குண்டின் மூக்கை மாற்றுமுன் அதன் அடி குழலை அடைக்கிறதா என்று பாருங்கள். ஊதுகுழல் வேடன் நெட்டி செருகியது அதற்காகத்தான்.