மருட்கையும் பெருமிதமும்

மருதக்கலியின் 94ஆம் பாட்டை வகுப்பில் விரித்துரைக்கும் ஆசிரியர் அரியர். அரண்மனையில் குற்றேவல் புரியும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் வழியிற் கண்டு, ஏசி, பின் காதலுற்றுக் கூடும் அப்பாட்டை இழிந்தோர் காமமென ஒதுக்குவாரும், நகைச்சுவைக்குச் சான்றெனச் சுட்டிவிட்டு மேற்செல்வாரும் பலர். அடியோர்க்கும் வினைவலர்க்கும் ஐந்திணைப் புறத்தே தொல்காப்பியர் இடந்தந்திருக்கவும் இவ்வொதுக்கம் நேர்ந்தது. ஆனால் பாட்டின் உயிர் நகையில் இல்லை. சூதாடு பலகையை நிமிர்த்து வைத்தாற்போன்றவன் என்று அவள் அவனை ஏசுகிறாள், அவனும் விடுவதில்லை. ஏச்சு ஓய்ந்தபின், இனி ஒருவரையொருவர் இகழ்வதில்லை என உடன்படுகின்றனர். அதன்பின் எழும் வேண்டுதலே கருதத்தக்கது: அரண்மனையில் உள்ளார் கண்டு, இது பேய்க்கூத்து என்று சிரிக்கலாகாது; ஆதலின் சோலைக்குப் போவோம் என்பதே அது. தம்முள் ஏசிக்கொள்ளும் உரிமை அவ்விருவர்க்கும் உண்டு. பார்த்து நிற்பார்க்கு அஃது இல்லை.

அரண்மனைக்கு நகை போதுமாயிருந்தது. இக்காலத் தொலைக்காட்சி அத்துணை வெளிப்படையாகச் சிரிப்பதில்லை, வியக்கிறது. மருட்கை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறிய நான்கனுள் சிறுமையும் பெருமையும் புதுமையும் அடங்கும். மாறுபட்ட உடலுடையாரைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு இம்மூன்றுமே முதல். அவ்வியப்பு நகையினும் மேலானதா என்பதே வினா.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், நார்த் பிரிட்ஜ் சாலையில் ராஃபிள்ஸ் மருத்துவமனை உள்ளது. 2003 ஜூலையில் உலகச் செய்தியாளர் அங்குக் குழுமினர். தலை ஒட்டிப் பிறந்த ஈரானியச் சகோதரியர் லாதன், லாலே பிஜானி இருவர்க்கும் அப்போது வயது 29. லாதன் வழக்கறிஞராக விரும்பினார். லாலே நாடியது இதழியல். உடல் பிரியாமையால் இருவரும் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சட்டமே பயின்றனர். கண்ணாடியின் துணையின்றி ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டும் என்பது அவர்தம் விருப்பம். உயிர்க்கு இடர் உண்டென மருத்துவர் எடுத்துரைத்தபின்னும் துணிந்தனர். ஜூலை 6இல் தொடங்கிய அறுவை, 8ஆம் நாள் இருவரும் உயிர்நீத்ததோடு முடிந்தது.

அந்நாள்களில் திரையில் மீண்டும் மீண்டும் வந்தவை எவை? ஒட்டிய தலைகள், மூளைப் படங்கள், பொதுவாய் அமைந்த பெருநாளம், மருத்துவரின் எண்ணிக்கை. முதலில் மருட்கை, ஈற்றில் அழுகை. எண்வகை மெய்ப்பாட்டுள் வேறொன்று அச்சகோதரியர்க்கு உரியதாய் இருந்தது. பெருமிதம் கல்வியினும் தறுகண்மையினும் பிறக்கும் என்பது இலக்கணம்; இரண்டும் அவர்பால் இருந்தன. சட்டக் கல்வி செய்தியில் ஒரு வரியாய்ச் சுருங்கிற்று. ஒருத்தி மற்றவளுக்காகத் தன் தொழில் விருப்பை ஆண்டுக்கணக்கில் அடக்கி வாழ்ந்த கதையை எவர் விரித்துரைத்தார்? அவர்களே செய்தியாளர்முன் வந்தனரே, இசைவு இருந்ததே என்பர் சிலர். இருந்தது, சிரித்த முகத்தோடு பேசவும் செய்தனர். அவர்கள் இசைந்தது தம் சொல்லைக் கேட்பிக்க. கேட்டோர் கண்டது உடலை.

பின்னர் இக்காட்சி தொடர்களாகவே வளர்ந்தது. 'கற்றல் அலைவரிசை' என்று ஒருகாலத்தில் பெயர்பூண்ட அமெரிக்க டிஎல்சி (பெயரைச் சுருக்கிக்கொண்டமை நன்றே) 2006 முதல் குறளுருவப் பெற்றோரின் குடும்பம் ஒன்றையும், 2012இல் உடல் ஒட்டிய அபி, பிரிட்டனி ஹென்சல் சகோதரியரையும் ரியாலிட்டி நிகழ்ச்சியாக்கிற்று. முன்னைய செய்திப் படங்களினும் இவை ஒரு படி மேல் என்பதை மறுத்தல் முறையன்று. ஹென்சல் சகோதரியர் பட்டம் பெறுதலும் ஆசிரியப் பணி தேடுதலும் அவர்தம் வாய்மொழியாகவே வருகின்றன. கலித்தொகைக் கூனியின் வாய் அவர்க்கும் வாய்த்தது. ஆயினும் பேச்சைக் கேட்கவந்த கேமரா ஈருடல் ஓருடலாய் இயங்கும் விந்தையை விட்டு நெடுநேரம் விலகுவதில்லை. அத்தொடர் ஒரு பருவத்தோடு நின்றது. சகோதரியர் மின்னசோட்டாவில் ஐந்தாம் வகுப்புக்கு ஆசிரியராயினர்.