பன்னிரண்டு மாதக் கார்த்திகை

குன்னூரில் என் சிநேகிதர் ஒருவர் வீடு கட்டிக் குடியேறி மூன்று வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். போன கார்த்திகைக்கு அவர் அழைத்து நான் போயிருந்தேன். தூறலும் பனிமூட்டமும் சேர்ந்து உலகத்தையே மறைத்திருந்த வேளை. டாக்ஸி ஒரு வளைவில் திரும்பியதும் எதிர்ச் சரிவில் ஒரு கல்யாண மண்டபம் ஜகஜ்ஜோதியாகத் தெரிந்தது.

"யார் வீட்டுக் கல்யாணம்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நீங்க போக வேண்டிய வீடுதான் சார் அது" என்றார் அவர்.

கூரை விளிம்பு, ஜன்னல் சட்டம், வாசல் வளைவு, பேரிக்காய் மரம், ரோஜாச் செடி கூடப் பாக்கியில்லை. எல்லாவற்றிலும் சீரியல் விளக்கு. சில ஓடின; சில கண் சிமிட்டின; சில பச்சையாக இருந்து, மனம் மாறிச் சிவப்பாயின. "வருஷம் 365 நாளும் இப்படித்தானுங்க. எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார் சிநேகிதர். "பிரமாதம்!" என்றேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விருந்தாளி வேறு என்ன சொல்ல முடியும்? அன்று விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சர விளக்கின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. 1882-ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 மின்சார பல்புகளைக் கோத்து வைத்தாராம். நம் ஊருக்கு அது மைக்செட்காரர் மூலமாக வந்து சேர்ந்தது. ஆறு வோல்ட் பல்பு நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் வீட்டு மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் சீரியல் என்று பெயர். அதில் ஒரு பல்பு உயிரை விட்டால் மற்ற முப்பத்தொன்பதும் உடன்கட்டை ஏறிவிடும். மைக்செட்காரர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். கீழே நாங்கள் சிறுவர்கள் அண்ணாந்து கொண்டு நிற்போம். மறுபடி எரிந்ததும் எழும் கூச்சலில் பாதித் திருவிழா இருந்தது.

அந்தத் தொல்லைதான் அதற்கு வேலியாகவும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மாதக் கணக்கில் அதைக் கட்டி மேய்க்க யாருக்குப் பொறுமை உண்டு? திருவிழா முடிந்தால் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பிறகு எல்.இ.டி. வந்தது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைச் சாதித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்; நியாயமான பரிசுதான். ஆனால் இந்தப் புது விளக்கு லேசில் அவிவதில்லை, சுடுவதில்லை, மின்சாரக் கட்டணத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை. அணைப்பதற்குக் காரணம் இல்லாமற் போய்விட்டது. என் சிநேகிதரும் அதைத்தான் சொன்னார்: "எதுக்குங்க அணைக்கோணும்?"

எனக்குத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆச்சரியக்குறி போடுவார். கதாநாயகன் காப்பி குடித்தாலும் ஆச்சரியக்குறி, செத்தாலும் ஆச்சரியக்குறி. அவர் கதையில் யார் செத்தாலும் நமக்கு அழுகை வராததற்கு அதுதான் காரணம். சிநேகிதர் வீடு எனக்கு அவரை நினைவூட்டியது.

அதுவும் நீலகிரியில்! இந்த மலையின் இருட்டு சமவெளி இருட்டைப் போன்றதல்ல. அதற்குக் குளிர் உண்டு, வாசனை உண்டு. பனிமூட்டம் விலகினால் கைக்கெட்டும் தூரத்தில் நட்சத்திரம் உண்டு. மூட்டம் இருக்கும்போது அந்தச் சர விளக்கின் வெளிச்சம் பனித்திவலைகளில் பட்டுச் சிதறி, சரிவு முழுவதும் நீலம் கரைத்த சலவைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. காலையில் வராந்தாவைப் பெருக்கினால் ஒரு முறம் செத்த விட்டில் பூச்சி. திருக்கோவலூர் இடைகழியில் மழையிலும் இருட்டிலும் நெருக்கிக்கொண்டு நின்ற மூன்று ஆழ்வார்களில் ஒருவர் உலகத்தையும் மற்றொருவர் அன்பையும் விளக்காக்கிப் பாடினார்கள் என்பது கதை. அந்த ரேழியில் ஒரு சீரியல் செட் தொங்கியிருந்தால் நமக்கு அந்த அந்தாதிகள் கிடைத்திருக்குமோ என்னவோ!

மறுநாள் கார்த்திகை. சிநேகிதரின் மனைவி சாயங்காலம் மதில் மேல் வரிசையாக அகல் ஏற்றினார். குன்னூர்க் காற்றில் அகல் ஏற்றுவது லேசான காரியமல்ல. ஒன்றைக் கையால் மறைத்து ஏற்றுவதற்குள் முந்தியது அணைந்துவிடும். அரைமணி நேரம் போராடி இருபத்தேழையும் நிற்க வைத்துவிட்டார். ஆறு மணிக்குத் தானியங்கி ஸ்விட்ச் போட்டுக்கொண்டது. அகல் ஒன்றும் தெரியவில்லை. எரிந்தன, ஆனால் தெரியவில்லை.

"நீங்களாச்சும் அவருகிட்டச் சொல்லுங்கண்ணா, இன்னிக்கு ஒருநாள் அணைக்கச் சொல்லி" என்றார் அந்த அம்மாள். மாடியில் இரண்டு அறைகளை அவர் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவர்கள் வருகிறார்களாம். நான் சொல்லவில்லை. கோழைத்தனம்தான்.

அங்கே வேலைக்கு வரும் பெண்மணி அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கிறார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இப்படி வந்தவர்களுக்காக 1968-ல் ஆரம்பித்த தோட்டங்கள் இவை. ஒரு மாலை அவரோடு பேசிக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கினேன். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த கதவுகள். அவர் வாசலைச் சுற்றி மட்டும் பச்சையும் நீலமுமாக ஒரு சீரியல் செட். "இங்கேயுமா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"காட்டெருமை வருதுங்கய்யா, கரடியும் வருது. புள்ள ஃபாக்டரியில ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப எல்லா வாசலும் ஒண்ணாட்டம் இருக்கும். மேல ரோட்டுல இருந்தே நம்ம வாசல் தெரியணும்ல?"

"ராத்திரி முழுக்க எரியுமா?"

"அவ உள்ள வந்ததும் அணைச்சிருவேங்க. அப்புறம் எதுக்கு?"

அதுவும் வருஷம் முழுவதும் எரிகிற விளக்குதான். அதே கடைச் சரக்கு, அதே கண்ணைப் பறிக்கும் நீலம். ஆனால் என் ரசனைக்கு அங்கே ஒரு ஆட்சேபமும் எழவில்லை. பைக்காரா மின்சாரம் 1932-ல் உற்பத்தியாகத் தொடங்கிச் சமவெளிக்கு இறங்கியது; கோயம்புத்தூர் மில்கள் பெருகின; என் சிநேகிதரின் வியாபாரமும் பின்னால் அந்தச் செழிப்பில் முளைத்ததுதான். மலையின் மின்சாரத்தால் வாழ்ந்தவர் மலைக்கே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று வேண்டுமானால் அவருக்காக வாதாடலாம். வாதாடிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

இந்தக் கட்டுரையைச் சிநேகிதர் படிப்பார். கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, ஒரு விண்ணப்பம்: அடுத்த கார்த்திகையன்று ஆறிலிருந்து எட்டு வரை அந்தத் தானியங்கி ஸ்விட்சுக்கு லீவு கொடுங்கள். மாடியில் தங்குகிறவர்கள் வாடகையில் குறைத்துக்கொண்டால் அந்த இரண்டு மணி நேரக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்.