பொட்டலத்தில் வரும் பாக்டீரியா

காவிரி டெல்டா விவசாயிக்கு அசோஸ்பைரில்லம் என்றால் 200 கிராம் பொட்டலத்தில் வரும் கறுப்புத் தூள். பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் 1970களில் புல் வேர்களில் ஆராய்ந்து உலகறியச் செய்த பாக்டீரியா, இங்கே பழுப்பு நிலக்கரித் தூளில் ஏறி வருகிறது. ஹெக்டேருக்கு 5 பொட்டலத்தை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். செலவு அற்பம். சொல்லப்படும் பலனோ பெரிது: தழைச்சத்து உரத்தில் கால் பங்கு மிச்சமாம்.

இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது. நெற்பயிர் தன் உடலுக்குள் ஓடும் காற்றறைகள் வழியே அதை வேருக்கு இறக்குகிறது. ஒரு தூரைப் பிடுங்கி அலசினால் இளம் வேர் வெள்ளையாகவும், மற்றவை துருவேறிய நிறத்திலும் தெரியும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கிய தடம் அது. கொஞ்சம் காற்றும் வேர் கசியவிடும் சர்க்கரையும் கிடைக்கும் அந்த மெல்லிய விளிம்புதான் அசோஸ்பைரில்லத்துக்கு உகந்த இடம். அங்கே அது காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. வேரைக் கிளைக்கச் செய்யும் ஆக்சினையும் சுரக்கிறது.

ஆனால் உளுந்து வேரில் ரைசோபியம் பாக்டீரியாவுக்குத் தங்கக் கிடைப்பது போன்ற முடிச்சு நெல்லில் இல்லை. வந்த பாக்டீரியா, வேரோரம் ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கூடவே யூரியாவை அள்ளி இறைத்தால் நைட்ரஜன் பிடிக்கும் வேலை அடங்கிவிடும். 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டமும் ஆடுதுறை 27 ரகமும் வந்த பிறகு, யூரியா தரும் கரும்பச்சைக்குத் தஞ்சையின் கண் பழகிவிட்டது. நடவும் மாறிவிட்டது. இயந்திரத்தில் ஏறும் பாய் நாற்றங்கால் நாற்றுக்கும், கடைமடையின் நேரடி விதைப்புக்கும் வேர் நனைப்பது ஒத்துவராது.

கடைமடையில் உப்பு வேறு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டோரக் காட்டுநெல்லில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உப்பைத் தாங்கும், நைட்ரஜன் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்து, 2004இல் சுவாமிநாதனியா எனப் பெயரிட்டார்கள். மண்ணுக்கு மண் நுண்ணுயிர் மாறும்போது எல்லா ஊருக்கும் ஒரே பொட்டலம் என்பது எப்படிச் சரியாகும்?

தண்ணீர்க் கதை இன்னும் சிக்கல். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வேருக்குக் காற்று கிடைக்கும், மீத்தேன் குறையும். அதையே யூரியா போட்ட கையோடு செய்தால், அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, மறுபடி தண்ணீர் ஏறியதும் வாயுவாகப் பறந்துவிடும். இதைச் செய்வதும் பாக்டீரியாக்கள்தாம்! முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த தண்ணீரைத் தேக்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பொட்டலத்துக்கு மாற்றாகப் பசுந்தாள் உரமும் உண்டு. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது மண்ணிலுள்ள எல்லா நுண்ணுயிருக்கும் தீனி. பச்சைத்தழை நீரில் அழுகும்போது மீத்தேன் கூடும் என்பது அதன் குறை. கோடையில் ஆழ்குழாய்க் கிணறு இல்லாத வயலுக்கு அதுவும் எட்டாது. இருந்தும் பொட்டலத்தைவிட இதற்கே முதலிடம் தரவேண்டும்.

பொட்டலம் வாங்குவோர் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைத்து, ஒரு மா நிலத்தில் போட்டுப் பக்கத்து மா நிலத்தைச் சும்மா விடட்டும். இரண்டிலும் யூரியாவை ஒரே அளவு குறைத்து, கண்டுமுதலைத் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்கட்டும்.